உறைந்த எண்ணெய் மூழ்கும், உறைந்த தண்ணீர் மிதக்கும்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவனித்திருப்பீர்கள். முழுசாக உறைந்த பிறகு எண்ணெயின் மேற்பரப்பு நடுவில் குழிந்து போயிருக்கும். வெயிலில் வைத்துப் பாதி உருகியதும் பார்த்தால், வெள்ளைக் கட்டி அடியில் கிடக்கும், தெளிந்த எண்ணெய் மேலே நிற்கும். நெய்யும் அப்படித்தான். மணல் மணலாக உறையும் நெய் அடியில்தான் படியும்.

இப்போது ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் ட்ரேயை எடுங்கள். ஒவ்வொரு கட்டியும் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைந்து வரும்போது இடம் போதாமல், கடைசியாக உறைகிற நடுத்தண்ணீர் மேலே பிதுங்கியதால் வந்த புடைப்பு அது. அந்தக் கட்டியை டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

இந்த இரண்டில் எண்ணெய் செய்வதுதான் உலக வழக்கம். மெழுகு, ஈயம், ஆல்கஹால் என்று எதை எடுத்தாலும், குளிரக் குளிர மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கும், நெருங்கி அமரும், உறைந்தபின் முன்பைவிடக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். உறையும்போது விரிகிற பொருட்கள் கொஞ்சம்தான்: பிஸ்மத், கேலியம், சிலிக்கான், ஜெர்மானியம் மாதிரிச் சில. அன்றாடம் நம் கையில் புழங்குவது அந்தப் பட்டியலில் தண்ணீர் ஒன்றுதான்.

கணக்கு இப்படி. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 0.9998 கிராம். அதே 0 டிகிரியில் ஒரு கன சென்டிமீட்டர் பனிக்கட்டியின் எடை 0.917 கிராம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் சுமார் 1,090 மில்லிலிட்டர் இடம் கேட்கும். ஐஸ் பேக்டரியில் கேனை விளிம்புவரை நிரப்பாமல் மேலே கொஞ்சம் காலியாக விடுவது இதற்காகத்தான். வாய்வரை நிரம்பிய கண்ணாடி பாட்டிலை ‘சீக்கிரம் ஜில்லென்று ஆகட்டும்’ என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துபோய், மறுநாள் கண்ணாடிச் சில்லு பொறுக்கியவர்களுக்கு இந்த ஒன்பது சதவீதம் நன்றாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஐஸ் மிதப்பது கண்ணால் காண்கிற விஷயம், இதில் சர்ச்சைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் 1611-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. அரிஸ்டாட்டில் வழிவந்த அறிஞர்களுக்கு, குளிர் என்றால் சுருக்கம். எனவே பனிக்கட்டி என்பது சுருங்கி இறுகிய தண்ணீர், ஆகவே தண்ணீரைவிடக் கனமானது. அப்படியானால் ஏன் மிதக்கிறது? தட்டையாக, அகலமாக இருப்பதால் தண்ணீரைப் பிளந்துகொண்டு இறங்க முடியவில்லை என்றார்கள். கலிலியோ ஒத்துக்கொள்ளவில்லை. பனிக்கட்டி விரிந்துபோன தண்ணீர், அதனால் இலேசானது, வடிவத்துக்கும் மிதப்புக்கும் சம்பந்தமில்லை என்றார்.

எதிரணியில் முன்னால் நின்ற லொடோவிகோ டெல்லே கொலம்பே, கருங்காலி மரச் சீவலைக் கொண்டுவந்து காட்டினார். கருங்காலி தண்ணீரைவிடக் கனமான மரம். அதன் உருண்டை மூழ்குகிறது, மெல்லிய சீவல் மிதக்கிறது. பார்த்தீர்களா, வடிவம்தான் காரணம்! கலிலியோவின் பதில் எளிமையானது. சீவல், பனிக்கட்டி இரண்டையும் தண்ணீருக்குள் முக்கிவிட்டுக் கையை எடுங்கள். நனைந்த கருங்காலிச் சீவல் அடிக்குப் போய்விடும், பனிக்கட்டி மேலே ஏறி வந்துவிடும். காய்ந்த சீவலை மேலே தாங்கியது நீரின் பரப்பு இழுவிசை என்பது பிற்காலத்தில்தான் தெளிவானது. ஆனால் பனிக்கட்டியைப் பற்றி அவர் சொன்னது அப்போதே சரி. டஸ்கனியின் கோமகன் இரண்டாம் கோசிமோவின் விருந்து மேசை வரைக்கும் இந்த வாதம் போனது. அங்கே கலிலியோவின் பக்கம் பேசிய கார்டினல் மஃபேயோ பார்பெரினிதான் பின்னாளில் எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். 1633-ல் கலிலியோ விசாரணைக் கூண்டில் நின்றது அவருடைய ஆட்சியில்தான். ஐஸ் விஷயத்தில் இருந்த ஒற்றுமை, பூமி சூரியனைச் சுற்றுகிற விஷயத்தில் இல்லாமல் போனது.

விரிந்திருக்கிறது, சரி. ஏன் விரிகிறது? ‘உள்ளே காற்று மாட்டிக்கொள்வதால்’ என்று பலர் நினைக்கிறார்கள். கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது காற்றுக் குமிழிதான், அது உண்மை. ஆனால் குமிழி ஒன்றுகூட இல்லாத கண்ணாடி மாதிரியான பனிக்கட்டியும் அதேபோல மிதக்கும். காரணம் மூலக்கூறுகள் அமரும் விதத்தில் இருக்கிறது.

ஒரு நீர் மூலக்கூறு தன் இரண்டு ஹைட்ரஜன்களால் இரண்டு அண்டை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். வேறு இரண்டு மூலக்கூறுகள் அதன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆக மொத்தம் நான்கு கைகள். இவை நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) நான்கு மூலைகளை நோக்கி நீண்டிருக்கும். திரவத்தில் இந்தப் பிடி விட்டுவிட்டுப் பிடிக்கிற பிடி. ஒரு விநாடியை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் சில பங்கு நேரம்தான் ஒரு பிணைப்பு நிற்கும். உறைந்ததும் பிடி நிலைத்துவிடும். எல்லா மூலக்கூறுகளும் நான்கு கையையும் சரியான கோணத்தில் நீட்டி நின்றால், அறுகோண வளையங்களும் அவற்றுக்கு நடுவே வெற்றிடமும் கொண்ட ஒரு சட்டகம் உருவாகும். அந்த வெற்றிடத்தில் காற்றுகூடக் கிடையாது, வெறும் இடம்.

இதில் ஒரு வேடிக்கை. பனிக்கட்டியில் அடுத்தடுத்த இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே உள்ள தூரம் 2.76 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). திரவத்தில் அது கொஞ்சம் கூடுதல். அண்டைவீட்டார் நெருங்கி நிற்பது என்னவோ பனிக்கட்டியில்தான்! ஆனால் அங்கே அண்டைவீட்டார் நான்கே பேர், அடுத்த சுற்று நன்றாகத் தள்ளி நிற்கிறது. திரவத்தில் அந்த ஒழுங்கு குலைந்து ஐந்தாவது ஆள் அவ்வப்போது இடையில் நுழைந்துவிடுகிறார். கல்யாணப் பந்தியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தால் நூறு பேர்தான் கொள்ளும். அதே கூடத்தில் கூட்டமாக நிற்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் பேர் கொள்வார்கள், அவ்வளவுதான் விஷயம்.

வானிலிருந்து விழும் பனித்துகள் ஆறு முனை கொண்டிருப்பதும் இந்த அறுகோணச் சட்டகத்தால்தான். ஏன் ஐந்தும் இல்லை ஏழும் இல்லை, ஆறு மட்டும் என்று வானியல் அறிஞர் கெப்ளர் பிராகா நகரத்தில் உட்கார்ந்து எழுதியதும் அதே 1611-ல். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டில் எக்ஸ்-கதிர்கள் வந்த பிறகுதான் ஆக்சிஜன்கள் நிற்கும் இடம் தெரிந்தது. ஹைட்ரஜன்கள் எங்கே நிற்கும் என்பதற்கான விதியை பெர்னால், ஃபவுலர் என்ற இரண்டு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1933-ல் வெளியிட்டார்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் நாம் ‘நீரின் முரண் விரிவு’ என்று ஒரு பாடம் படித்திருக்கிறோம். 4 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி உச்சத்தில் இருக்கிறது, அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது, அதனால் பனிக்கட்டி மிதக்கிறது, அதனால் மீன்கள் பிழைக்கின்றன. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் இங்கே இரண்டு தனித்தனி உண்மைகளை ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசானது என்பது ஒன்று. திரவத் தண்ணீரே 4 டிகிரிக்குக் கீழே விரியத் தொடங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம், செய்கிற வேலை வேறு.

அளவைப் பார்த்தாலே தெரியும். 4 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குத் தண்ணீர் குளிரும்போது அதன் அடர்த்தி 0.99997-லிருந்து 0.99984-க்கு இறங்குகிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய மாற்றம். உறையும்போது வருகிற ஒன்பது சதவீதம் இதைப்போல ஏறக்குறைய 700 மடங்கு.

இந்தச் சிறிய விரிவு ஏன் வருகிறது? பனிக்கட்டி உருகும்போது அதன் பிணைப்புகளில் சிறு பங்குதான் அறுபடுகிறது. உருகிய தண்ணீருக்குள் பழைய சட்டகத்தின் சாயல் நிறையவே மிச்சமிருக்கும். சூடாக்கச் சூடாக்க அந்த மிச்சமும் சரிந்து மூலக்கூறுகள் நெருங்குகின்றன. கூடவே எல்லாத் திரவத்துக்கும் உள்ள இயல்பான விரிவும் நடக்கிறது. 4 டிகிரி வரை முதலாவதன் கை ஓங்கியிருக்கிறது, அதற்குமேல் இரண்டாவதன் கை. தண்ணீருக்குள் பனிக்கட்டி போன்ற ஒரு பகுதி கலந்திருக்கிறது என்ற எண்ணத்தை 1892-லேயே எழுதிவைத்தவர், மூன்று ஆண்டு கழித்து எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்கன். அவருடைய படம் அப்படியே சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. குளிர்ந்த தண்ணீருக்குள் உண்மையில் இரண்டு வகை ஒழுங்கு இருக்கிறதா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

4 டிகிரி உச்சத்தை அழகாகக் காட்டியவர் எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் சார்லஸ் ஹோப், 1805-ல். உயரமான பாத்திரம் நிறையத் தண்ணீர், மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒரு வெப்பமானி, நடு இடுப்பைச் சுற்றி உறைகலவைத் தொட்டி. முதலில் கீழ் வெப்பமானி இறங்கியது. 4 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அதுவரை அசையாமல் இருந்த மேல் வெப்பமானி அதன்பிறகு இறங்கத் தொடங்கி 0-வுக்கே போனது. 4 டிகிரி வரை குளிர்ந்த நீர் கனத்து இறங்கியது, அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி ஏறியது.

அளவியல்காரர்களும் இந்த உச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1795-ல் பிரான்ஸ் கிராமை வரையறுத்தபோது, பனி உருகும் வெப்பநிலையில் உள்ள ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடை என்றது. 1799-ல் அதை மாற்றி, நீர் மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலை என்று வைத்தார்கள். உச்சியில் வளைகோடு தட்டையாக இருக்கும், வெப்பநிலையில் சிறு பிழை வந்தாலும் அடர்த்தி அசையாது. கெட்டிக்கார முடிவு.

சரி, மீனுக்கு வருவோம். ஸ்ரீநகரின் தால் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லே கலான்’ என்பார்கள். அப்போது சில ஆண்டுகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து, ஷிகாரா ஓட்டுகிறவர்கள் துடுப்பால் ஐஸை உடைத்துக்கொண்டு போவதைச் செய்திகளில் பார்க்கலாம். குளிர்காலம் நெருங்கும்போது மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்து இறங்கும், அடிநீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை இந்தப் புரட்டல் நடக்கும். அப்புறம் மேலடுக்கு மட்டும் தனியாகக் குளிர்ந்து 0-வுக்குப் போய் உறையும். 4 டிகிரி உச்சத்தின் பங்கு இதோடு முடிந்தது: ஏரி சீக்கிரம் உறையத் தொடங்குகிறது, அடியில் ஓரளவு கதகதப்பான நீர் தங்குகிறது.

அந்த உச்சம் இல்லவே இல்லை, ஆனால் ஐஸ் மட்டும் இலேசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி முழுதும் 0 டிகிரி வரை புரண்டு குளிரும், பிறகு மேலேதான் உறையும். கீழே 4-க்குப் பதில் 0 டிகிரித் தண்ணீர் இருக்கும். மீனுக்குச் சிரமம், ஆனால் நீந்தத் தண்ணீர் இருக்கும். மாறாக, உச்சம் இருந்து ஐஸ் மட்டும் கனமாக இருந்தால்? உறைந்தது உறைந்ததும் மூழ்கும். புதிய நீர் காற்றுக்கு முகம் காட்டும், அதுவும் உறையும், மூழ்கும். ஆழம் குறைந்த ஏரி அடிவரை கட்டியாகிவிடும். கோடையிலும் வெயில் மேல்நீரைத்தான் சூடாக்கும், அடியில் கிடக்கும் ஐஸை எட்டுவது கஷ்டம். மீனைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முதல் உண்மைதான், இரண்டாவது துணைக்கு நிற்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று நினைத்தால் கடலைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரில் சுமார் 25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால், அடர்த்தியின் உச்சம் உறைநிலைக்கும் கீழே போய்விடும். பெருங்கடலில் சராசரியாக 35 கிராம் உப்பு. எனவே கடல்நீருக்கு அந்த 4 டிகிரி வித்தையே கிடையாது. உறைகிற சுமார் மைனஸ் 1.9 டிகிரி வரை அது கனத்துக்கொண்டே போகும். ஆனாலும் அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல் மேலேதான் உறைகிறது, கீழே மைனஸ் 1.8 டிகிரித் தண்ணீரில் மீன்கள் வாழ்கின்றன. அவற்றின் இரத்தத்தில் பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதம் ஓடுகிறது. 4 டிகிரித் தண்ணீரை அவற்றின் வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டா. உப்புக் குறைந்த பால்டிக் கடல் மட்டும் இந்த விஷயத்தில் ஏரி மாதிரி நடந்துகொள்ளும்.

பாடப்புத்தகத்தில் இன்னொரு வரியும் வரும்: ஐஸ் நல்ல வெப்பக்காப்பு. இதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். அசையாத நீரைவிட ஐஸ் வெப்பத்தை நான்கு மடங்கு நன்றாகவே கடத்தும். உண்மையான போர்வை அதன்மேல் கிடக்கும் தூவிப்பனி. ஆனால் மிதக்கிற ஐஸ் காற்றையும் நீரையும் பிரித்துவிடுகிறது. தடிமன் கூடக்கூட வெப்பம் வெளியேறும் வழியும் நீள்கிறது. அதனால் தடிமன் இரட்டிப்பாக நான்கு மடங்கு காலம் ஆகும் என்பது 1891-ல் இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் போட்ட கணக்கு.

மிதக்கிற இந்தப் பாளத்தை நம்பி ஒரு வணிகமே நடந்தது, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸின்மேல் குதிரையை நடத்தி, கலப்பை மாதிரிக் கருவியால் கோடு கிழித்து, பாளமாக அறுத்து, மிதக்கவிட்டே கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஃப்ரெடெரிக் ட்யூடர் என்ற வணிகர் 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிஞ்சியது. சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஐஸ் மூழ்குகிற பொருளாக இருந்திருந்தால், குளத்தின் அடியிலிருந்து அதை யார் வெட்டியெடுத்திருப்பார்கள்?

விரிவின் மறுபக்கம் அதன் பலம். 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக்கில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி, வெற்று இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, வாயில் இரும்பு ஆப்பை அடித்து இறுக்கி, வெளியே குளிரில் வைத்தார். ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஆப்பு 400 அடிக்கு அப்பால் போய் விழுந்தது. துளி வெடிமருந்து கிடையாது. விரிய இடமே கொடுக்காமல் அடைத்துவைத்தால், அழுத்தம் ஏறஏற உறைநிலை இறங்கும். மைனஸ் 22 டிகிரியில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல சுமார் 2,000 மடங்கு ஆகிவிடும். சாதாரணக் குழாய் எம்மாத்திரம்?

குழாய் வெடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐஸ் உருவான இடத்தில்தான் வெடிக்கும் என்றில்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் நசுங்கி, வேறெங்கோ பலவீனமான இடத்தைப் பிளந்துகொள்ளும். குளிர்ப் பிரதேசங்களில் இரவில் குழாயைச் சொட்டவிட்டுப் படுப்பது அந்த அழுத்தத்துக்கு வழிவிடத்தான்.

அழுத்தினால் ஐஸ் உருகும் என்பதும் இதே அடர்த்தி வேறுபாட்டின் விளைவு. எந்த நிலை குறைவான இடத்தை எடுத்துக்கொள்கிறதோ அதைத்தான் அழுத்தம் விரும்பும், தண்ணீருக்கு அது திரவம். அண்டார்டிகாவில், 1983-ல் மைனஸ் 89.2 டிகிரி பதிவான வோஸ்டாக் நிலையத்துக்கு நேர் கீழே, நான்கு கிலோமீட்டர் தடிமன் ஐஸுக்கு அடியில் ஒரு பெரிய ஏரி திரவமாக இருக்கிறது. நிலத்தடி வெப்பத்தோடு, மேலே உள்ள ஐஸின் பாரமும் அதற்கு உதவுகிறது. ஆனால் சறுக்குக்காலணி வழுக்குவதும் இதனால்தான் என்று சொல்வது கணக்குக்கு நிற்காது. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை 0.007 டிகிரிதான் இறங்கும். மைனஸ் 10 டிகிரியிலும் ஜனங்கள் சறுக்குகிறார்கள்.

கடலில் மிதக்கும் பனிப்பாறையில் வெளியே தெரிவது பத்தில் ஒன்று என்பதும் வெறும் வகுத்தல்தான். ஒரு கன மீட்டர் பனிக்கட்டி 917 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ. வகுத்தால் 89 சதவீதம் தண்ணீருக்குள். அது உருகினால் கடல்மட்டம் உயருமா? டம்ளர் ஜூஸில் ஐஸ் கரைந்தால் விளிம்பு வழிவதில்லை, மிதக்கும் பாறையும் ஏறக்குறைய அப்படியே. உருகிய நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசு என்பதால் மிகச் சிறிய உயர்வு உண்டு, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது நிலத்தின்மேல் கிடப்பதைப் பார்த்து: கிரீன்லாந்தின் ஐஸ் முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டர், அண்டார்டிகாவுடையது சுமார் 58 மீட்டர்.

மூழ்குகிற ஐஸ் உண்டா என்று கேட்டால், உண்டு. கடும் அழுத்தத்தில் அந்த விசாலமான சட்டகம் நொறுங்கி, வேறு அமைப்புள்ள ஐஸ்கள் உருவாகும். எண் போட்டுப் பெயரிட்டதில் இதுவரை இருபதுபோல ஆகிவிட்டது. அவற்றில் பல தண்ணீரைவிடக் கனம். ஐஸ் 7 என்ற வகை, பூமியின் ஆழத்திலிருந்து வந்த வைரங்களுக்குள் சிக்கியிருந்ததை 2018-ல் அறிவித்தார்கள்.

அழுத்தமே இல்லாமலும் ஒரு ஐஸை மூழ்கடிக்கலாம். கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளில் பயன்படும் கனநீரைக் கொஞ்சம் உறையவைத்தால் போதும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான உடன்பிறப்பு டியூட்டீரியம் உள்ள தண்ணீர் அது. ஒவ்வொரு மூலக்கூறும் 18-க்குப் பதில் 20 அலகு எடை. நான்கு கைகள், அறுகோண வளையம், நடுவில் வெற்றிடம் எல்லாம் அப்படியே, எடை மட்டும் ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல். 0.917-ஐ 20-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 1.02 வருகிறது. அளந்தாலும் கிட்டத்தட்ட அதுதான். சாதாரணத் தண்ணீர் டம்ளரில் அந்தக் கட்டியைப் போட்டால் கல் மாதிரி அடியில் போய் உட்காரும். அதே கட்டியைத் திரவக் கனநீரில் போட்டால் மிதக்கும்.